எங்கள் வீட்டுப் பள்ளி செல்லாக் குழந்தை

“சார், இந்த வீட்ல பள்ளி செல்லாக் குழந்தைங்க யாராவது இருக்காங்களா?”

கேட்ட பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் படிவக் கட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முந்தானையால் துடைத்தும் தீராத மே மாத வியர்வை. இதே கேள்வியை இதே வியர்வையோடு நான் எத்தனை வாசல்களில் கேட்டிருப்பேன்! 1980இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 2016இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். ஊருக்கெல்லாம் அது கோடை விடுமுறை. எனக்கு ஆள்பிடிக்கும் காலம். அந்தக் கேள்வி சென்னையில் என் மகளின் மூன்றாவது மாடி வீட்டு வாசலுக்கு என்னைத் தேடி வந்து நின்றது.

“இல்லம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒன்பது வயதுப் பேத்தி, தலைமுடியில் மரச்சீவலோடு ஓடிவந்து, “நான் இருக்கேனே” என்றாள்.

“எந்த ஸ்கூல் பாப்பா?”

“ஹோம்ஸ்கூல்.”

“அது எங்கம்மா இருக்கு? சி.பி.எஸ்.இ.யா, மெட்ரிக்கா?”

“இங்கதான். சோபாவுக்குப் பின்னாடி.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் செருப்பு அலமாரியைப் பார்த்தேன். எங்கள் காலத்துப் படிவத்தில் பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் எழுத ஒரு பத்தி உண்டு: வறுமை, இடப்பெயர்ச்சி, வேலைக்குப் போவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. அந்தப் பத்தியில் ‘பெற்றோர் நன்றாகப் படித்துவிட்டார்கள்’ என்று எழுத இடமே இருந்ததில்லை. அவளும் சற்று யோசித்துவிட்டு, ‘பிற’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

‘தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது’ என்ற கட்டத்தில் டிக் போடும்போதெல்லாம் எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தம்பி நான்தான்.

1958இல் அம்பாசமுத்திரம் பக்கத்து ஊரொன்றில், தச்சு வேலை செய்யும் அப்பாவுக்கு மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தேன். அக்கா அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா வயல் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்கா சிலேட்டை மூலையில் வைத்துவிட்டு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாரும் அதைப் பெரிய முடிவு என்று நினைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கலந்துபேசி, நன்மை தீமைகளை இரண்டு பத்தியாக எழுதி எடுத்த முடிவு இல்லை அது. மறுநாள் அவள் போகவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதில் இரும்புக் கம்பியால் அடித்தால் தெருவெல்லாம் கேட்கும். எனக்கு எப்போது கஞ்சி ஊட்டுவது, எப்போது தூங்க வைப்பது என்பதெல்லாம் அந்த மணியை வைத்துத்தான் அக்காவுக்கு. என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிச் சுவரோரம் நின்று, உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டு வெளியிலிருந்தே கூடச் சொல்லுவாளாம். பதினாறாம் வாய்ப்பாடு எனக்குப் பால்குடிப் பருவத்திலேயே காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் ஐந்தாம் வகுப்பு வரை வரவில்லை.

நான் சேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டேன், ஐந்து வயது முடிந்துவிட்டது. பிறந்த தேதியைப் பெரிய சார்வாளே எழுதிக்கொண்டார்: ஜூன் 1. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அப்பா என்னை ஒப்படைத்துவிட்டு, அந்தக் காலத்துப் பெற்றோர் எல்லாரும் சொல்லும் மந்திரத்தைச் சொன்னார்: “சார்வாள், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க.” நம்பிக்கை என்றால் அது நம்பிக்கை. இன்றைக்கு ஒரு பெற்றோர் சேர்க்கையன்று இப்படிச் சொன்னால் பள்ளியே பயந்து அவருக்கு டி.சி. கொடுத்துவிடும்.

இரண்டாம் வாரமே ஓடிவிட்டேன். நாலு பெரிய பையன்கள் வந்து, கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். வழியெல்லாம் நான் அலறினேன்; அக்கா பின்னாலேயே என் சிலேட்டையும், அதைத் துடைக்கக் கோவை இலையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான் வந்தாள்.

தாத்தா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மணலில் விரலால் எழுதியவர். பிள்ளைகளை விட்டத்தில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையையும் பார்த்தவர். (என் மருமகன் அவ்வப்போது, “பள்ளிக்கூடம்கறதே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மாமா” என்பார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் அதைத் தன் விடுதிக்குக் கொண்டுபோனார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற ஏற்பாட்டையும் சேர்த்து, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. கோதண்டத்தைக் கொண்டுபோனாரா என்று தெரியாது; அங்கே அவர்களுக்கென்று பிரம்பு இருந்தது.)

என் அண்ணன் கதை வேறு. அவன் 1953இல் இரண்டாம் வகுப்பு. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது: நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பிள்ளை வீட்டில் இருந்து அப்பன் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்துக்கொண்டே இரண்டு முறையாகக் கூடுதல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது சர்க்காரின் கணக்கு. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

அண்ணனுக்கு ஏக சந்தோஷம். மதியத்துக்கு மேல் இழைப்புளிச் சுருளை அள்ளி விளையாடலாம். அப்பாவுக்குத்தான் கண் சிவந்தது. “எங்க அப்பன் உளி பிடிச்சான். நான் பிடிச்சேன். எம்மவனும் பிடிக்கணும்னு மெட்ராஸ்ல உக்காந்து எழுதுதாவளோ?” என்று கேட்டபடி கொட்டாப்புளியால் ஓங்கி அடித்ததில் ஒரு நல்ல தேக்குச் சட்டம் பிளந்துபோயிற்று என்று அம்மா சொல்லுவாள். நாடெங்கும் எதிர்ப்பு. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று. அண்ணன் முழுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிறகு மின்வாரியத்தில் சேர்ந்தான். எங்கள் வீட்டில் உளி பிடித்த கடைசிக் கை அப்பாவுடையது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் வாத்தியாராகப் போனால் என்ன செய்வான்? ஆள் பிடிப்பான். முக்கூடல் பக்கம் என் முதல் பள்ளி. வீட்டுக்கு வீடு பெண்பிள்ளைகள் மடியில் தட்டோடு உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். என் சைக்கிள் மணி கேட்டதும் தட்டு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் மறையும். ஒருமுறை நெல் குலுக்கைக்குள்ளிருந்து ஒரு சிறுமியை இறக்கினோம். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு என் வேலை பாதியாகக் குறைந்தது. என் சைக்கிள் மணியைவிடச் சாம்பார் வாசனைக்குச் செல்வாக்கு அதிகம். பின்னால் முட்டையும் சேர்ந்தது. முட்டை போடும் நாளில் பெயர் அடித்த பிள்ளைகூட வரிசையில் நிற்கும்.

ஆக, 2022 ஜூனில் மகள் போன் செய்து, “அப்பா, பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து நிறுத்திட்டோம்” என்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

“ஃபீஸ் கட்ட முடியலையாம்மா? என் பென்ஷன் இருக்கே.”

“இல்லப்பா. வேணும்னுதான் நிறுத்தினோம்.”

வேண்டுமென்றே! முப்பத்தாறு வருஷத்தில் அந்தச் சொல்லை ஒரு பெற்றோரும் என்னிடம் சொன்னதில்லை. பீடி சுற்ற வைத்தவர்கள்கூட, “என்ன செய்ய சார்வாள், எங்க தலையெழுத்து” என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த ரயிலில் சென்னைக்குப் போனேன். வழக்கமாகப் பெற்றோருக்குச் சொல்லும் புத்திமதிகள் அத்தனையையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்க மருமகன் விடியற்காலை மூன்றரை மணிக்கு வரிசையில் நின்றவர். பிறகு நேர்காணல், அதுவும் பெற்றோருக்கு. இருவரும் பாஸ் ஆனதற்கு எனக்கு இனிப்பு அனுப்பினார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கைபேசிக்குள் நடந்தது. மகள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், வகுப்பில் என்னதான் நடக்கிறது என்பதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து முதல்முறையாகக் கேட்டாள். அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டவர் அந்த ஓட்டலில் மறுபடி நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? ஒருநாள் பேத்தி, “மிஸ், சைபர் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?” என்று கேட்டிருக்கிறாள். “அது போர்ஷன்ல இல்லம்மா. மியூட்ல போடு” என்று பதில் வந்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் நியாயம் பேச வேண்டுமென்று எதிர்பார்த்தாள் போல. நான் என்ன பேச? ஐம்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் நானும் எத்தனை பேரை மியூட்டில் போட்டிருக்கிறேன்! அப்போது அதற்குப் பிரம்பு என்று பெயர்.

2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தது. காலை ஆறு ஐம்பதுக்கு வேன். முதல் வாரத்திலேயே மகள் ஒன்றைக் கவனித்தாள். தண்ணீர் பாட்டில் காலையில் போனபடியே நிறைகுடமாகச் சாயங்காலம் திரும்பி வந்தது. கேட்டால், தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அந்த பாத்ரூமுக்கு யாரும் போக மாட்டோம் என்றாள் பேத்தி. பள்ளியில் போய்ச் சொன்னார்கள். “நோட் பண்ணிக்கறோம்” என்றார்கள். பாட்டில் நிறைந்தே வந்துகொண்டிருந்தது. மே மாதம் பிள்ளைக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள்.

வீட்டுக்கல்வி என்றால் ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் முடிவை எடுத்தது ஒரு தண்ணீர் பாட்டில். புத்தகங்களெல்லாம் பின்னால் வந்தன: 1964இல் குழந்தைகள் ஏன் தோற்கிறார்கள் என்று எழுதிப் பிறகு பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிற இடத்துக்குப் போன அமெரிக்க வாத்தியார் ஜான் ஹோல்ட், 1971இல் சமூகத்தையே பள்ளியிலிருந்து விடுவிக்கச் சொன்ன இவான் இல்லிச் என்று அலமாரி நிறைந்தது. முடிவு எடுத்த பிறகு அதற்குக் காரணம் சேர்ப்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தானே.

என் புத்திமதிப் பெட்டியை நான் திறக்கவில்லை. ஏனென்றால் என் பள்ளியில் முதல் பதினோரு வருஷம் கழிவறையே கிடையாது. ஓடைப்பக்கம்தான். பெரிய பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படிப்பின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

சட்டத்தையாவது காட்டிப் பயமுறுத்தலாம் என்று பார்த்தேன். 2009இல் வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரைக்குமானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதில் ஒரு பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. மருமகன் அதை எனக்கு முன்பே படித்திருந்தார். பதினான்கு வயதானால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

“ஒரு குழந்தைக்கு ஒருத்தர் உக்காந்து சொல்லிக்கொடுத்தா மூணு மணி நேரம் போதும் மாமா. மீதி நேரம் கையால ஏதாவது செய்யட்டும். தச்சு வேலை, மண்பாண்டம், இப்படி.”

எனக்குப் புரையேறியது. “இதே திட்டத்தைச் சொல்லி ஒரு முதலமைச்சரே வீட்டுக்குப் போனாரு மாப்பிள்ளை!”

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “நல்ல ஐடியாவா இருக்கே, ஏன் எதிர்த்தாங்க?” என்றார். அப்பா இருந்திருந்தால் இன்னொரு தேக்குச் சட்டம் போயிருக்கும். மருமகன் மேல் குற்றமில்லை. அவர் பிள்ளை உளி பிடித்தால் ஆசாரியாகவே நின்றுவிடுவாளோ என்று அந்த மூன்றாவது மாடியில் யாருக்கும் பயம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்திக்கு மரவேலைப் பயிற்சி. நான்கு வாரம், ₹4,800. கணினி வேலையை விட்டு வந்த ஒரு தாடிக்காரர் நடத்துகிறார். முதல் வாரம் ஒரு கரண்டி. மரத்தின் ரேகைக்கு எதிராகச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பொறுக்காமல் உளியை வாங்கித் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். அறுபத்தாறு வயதில், எங்கள் வீட்டில் யாரும் இனிமேல் பிடிப்பதில்லை என்று சபதம் செய்த கருவி, கையில் வந்து சொந்தக்காரனைப் போல உட்கார்ந்தது.

“சார், நீங்களும் வொர்க்‌ஷாப் அட்டென்ட் பண்ணியிருக்கீங்களா?” என்றார் தாடிக்காரர்.

“எங்க அப்பா நடத்தினார். ஃபீஸ் கிடையாது. அடி மட்டும் உண்டு.”

சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பூங்காவில் கூடுகின்றன. போன பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக் காரணமும் ஒவ்வொரு தினுசு என்று தெரிந்தது. ஒரு பையன் சதுரங்கம். சதுரங்க வீரர் குகேஷ் நாலாம் வகுப்போடு வழக்கமான பள்ளியை விட்டவர் என்பதை அவன் அப்பா எனக்கு மூன்று சனிக்கிழமை தொடர்ந்து சொன்னார். (எங்கள் ஊரில் நாலாம் வகுப்போடு நின்றவர்கள் டீக்கடையில் கிளாஸ் கழுவினார்கள். அவர்களில் யார் எந்த விளையாட்டில் கெட்டிக்காரன் என்று நானும் விசாரித்ததில்லை.) ஒரு தம்பதி நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் படித்து, மாநில அளவில் மதிப்பெண் வாங்கியவர்கள், “பிராய்லர் கோழியா நாங்க இருந்தது போதும் சார்” என்றார்கள். இன்னொரு வீட்டில் வருஷத்துக்கொரு மாற்றல். ஒரு அம்மா மட்டும் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவர் மகனுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். ரிசல்ட் குறைகிறது என்று பள்ளியே நாசூக்காக வெளியே அனுப்பிவிட்டது. “நாங்க ஹோம்ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கல சார். அது எங்களைத் தேர்ந்தெடுத்துச்சு” என்றார். அந்தப் பூங்காவில் எனக்கு நன்றாகப் புரிந்த பேச்சு அவருடையது ஒன்றுதான்.

எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. தமிழும் கணக்கும். முதல் நாள் பழக்கதோஷத்தில் வருகைப் பதிவு எடுத்தேன். ஒரே ஒரு மாணவி, “உள்ளேன் ஐயா” என்று சிரித்தாள். சைபர் கேள்வியைத் தீர்த்தோம்: புளியங்கொட்டைகளை ஜோடி ஜோடியாக நிறுத்தினோம். எட்டு, ஆறு, நான்கு, இரண்டு. கடைசி ஜோடியையும் எடுத்த பிறகு வெறும் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தனியா நிக்கிற கொட்டை யாரும் இல்லையே தாத்தா. அப்போ சைபர் இரட்டைப்படைதான்” என்றாள். பத்து நிமிஷம் ஆயிற்று. என் ஐம்பத்திரண்டு பேர் வகுப்பில் பத்து நிமிஷம் என்பது ஒரு ஆஸ்தி.

ஆனால் வேறொரு நாள், கதைப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு வந்து, “தாத்தா, ‘டூ’ விடறதுன்னா என்ன?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் அதற்குக் ‘கா’ விடுவது என்று பெயர். விளக்கத்தான் செய்தேன். புளியங்கொட்டையை வைத்து அதை விளக்க முடியவில்லை. டூ விடுவதற்கு, தினமும் பார்த்தே தீர வேண்டிய ஒரு ஆள் வேண்டும்.

ஆகஸ்டில் அக்கா கண்புரை அறுவைக்காகச் சென்னைக்கு வந்தாள். எழுபத்து நாலு வயது. வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குப் பேத்தி கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, பள்ளிக்கூடம் போகலியா?”

“நான் போறதில்ல ஆச்சி. வீட்லயேதான்.”

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தொட்டில் எதுவும் தென்படவில்லை.

“உனக்குத் தூக்கி வச்சிக்கிடத் தம்பிகூடக் கெடையாதே. பெறவு எதுக்கு நிப்பாட்டிட்டாவ?”

மகள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் பால்கனிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அக்கா பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டியே படிக்கக் கற்றவள். இப்போது புதுக்கண்ணோடு பேத்தியின் புத்தகங்களை விரல் வைத்து வாசித்தாள். ஒருநாள் பேத்தி பரபரப்பாக ஓடிவந்தாள். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்தாம் வகுப்பு எழுத மேல்வயது வரம்பே கிடையாதாம்.

“பதினாலு ஆயிருந்தா போதும் ஆச்சி. நீங்களும் எழுதலாம்!”

“பதினாலு எனக்கு ஆயிட்டுட்டி” என்று சிரித்தாள் அக்கா. ஆனால் சிரிப்பை அவ்வளவோடு நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தெனமும் போணுமா?”

“வேண்டாம். வீட்லயே படிச்சுக்கலாம்.”

“உடுப்பு உண்டா?”

“எதுவும் கிடையாது. நைட்டியிலயே படிக்கலாம்.”

“பக்கத்துல புள்ளைய இருக்குமா?”

“நான் இருப்பேன்.”

“மணி அடிப்பாவளா?”

“அதெல்லாம் கிடையவே கிடையாது ஆச்சி. அதான் ஜாலியே!”

அக்கா புத்தகத்தை மூடிப் பேத்தியின் கையில் கொடுத்தாள்.

“அப்பம் எனக்கு வேண்டாம்ட்டி” என்றாள்.